போர்டுல இருக்கற நான் எங்க பாக்குறேன்

ஒரு இடத்துல உக்காந்து இருக்கறது எனக்கு எப்பவுமே வராது. அதுலயும் அந்தச் சீசன் முழுக்க என் காலு தரையில நிக்கவே இல்ல. கொடைக்கானல்ல இருந்து மன்னவனூர் வர்ற ரோட்டுல, ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவு இருக்கு. அங்கதான் நானும் எங்க வீட்டுக்காரரும் மலைப்பூண்டுக் கடை போட்டிருந்தோம். நாலு கம்பு, மேல தகரம், முன்னாடி ஒரு பலகை, வரிசையாத் தொங்குற பூண்டுக் கட்டு, அவ்வளவுதான் கடை. ஏரியப் பாக்க, ஆட்டுப் பண்ணையப் பாக்கன்னு வண்டி வண்டியா வருவாங்க. வர்றவங்க எல்லாம் எங்களத் தாண்டிப் போயிருவாங்க. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் எந்திரிச்சு நிப்பேன், தாண்டிப் போனதும் உக்காருவேன், அடுத்த சத்தத்துக்கு மறுபடி எந்திரிப்பேன். "ஏ புள்ள, வண்டிக்காரன் உங்கிட்ட மரியாத கேக்கல, உக்காரு"ன்னுவாரு எங்க வீட்டுக்காரரு.

அவரு நல்லா உக்காந்திருந்தாரு. ஸ்டூல் மேல ஆளு இருந்தாரே தவிர மனசு திருப்பூர்ல கெடந்துச்சு. அவங்க அக்கா வீட்டுக்காரரு அங்க ஒரு பனியன் கம்பெனில சூப்பர்வைசர். வா, வேலை இருக்கு, ரூம் இருக்குன்னு போனு மேல போனு. எங்களுக்கு இங்க இருக்கறது ஒரு துண்டுக் காடு. கேரட் போட்டா காட்டுமாடு வந்து மிதிக்குது, கெழங்கு போட்டா வெலை கெடைக்க மாட்டேங்குது. பூண்டுதான் கொஞ்சம் தாங்குது. அவரு சொல்றதுலயும் நாயம் இருக்குங்கறதுதான் எனக்கு எரிச்சலே. கடைசில ஒரு நாளு சொல்லிட்டாரு: "இந்த மே மாசச் சீசன் பாப்போம். கடை நின்னுச்சுன்னா இருப்போம். நிக்கலன்னா வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிருவோம். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல. எனக்குத் திருப்பூர் ஆகாது. கல்யாணமான புதுசுல கொஞ்ச நாள் அங்க இருந்து பாத்தவதான். ரூமுக்குள்ள நின்னா எதுத்த சுவரு, வெளிய வந்தா அடுத்த வீட்டுச் சுவரு. கண்ணத் தூக்கித் தூரமாப் பாக்க ஒரு இடம் கெடையாது. கண்ணு வலிக்குதுன்னு சொல்லி அழுதேன், அவரு சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன். என்னத்தப் பாத்து அழுறேன்னு மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த வளைவுல போன் சிக்னல் சரியாக் கெடையாது, மணி அடிக்கும், பேசுனா விட்டு விட்டுத்தான் கேக்கும். கடையத் தாண்டி பைன் மரம் நிக்கிற பக்கம் போனாத்தான் பேச முடியும். போனு கிர்ருன்னதும் அவரு எந்திரிச்சு, முதுகக் காட்டிக்கிட்டு, பைன் மரத்துப் பக்கம் நடப்பாரு. நான் பூண்டக் கட்டிக்கிட்டே அந்த முதுகப் பாத்துக்கிட்டிருப்பேன். என்ன பேசுறாருன்னு கேக்காது. தலைய ஆட்டுறாரா, இல்லையான்னு மட்டும் தெரியும்.

கடை நிக்கணும்னா முதல்ல வண்டி நிக்கணும். அதுக்கு ஒரு போர்டு வேணும்னு எனக்குத் தோணுச்சு. அவருகிட்ட யோசனை கேட்டா யோசிச்சுக்கிட்டே இருப்பாரு. அதனால வெள்ளனே முதல் பஸ்ஸப் புடிச்சு கொடைக்கானல் போயி, பிளக்ஸ் போர்டு அடிக்கிற கடையில நின்னேன். கடைக்காரருக்கு என்னை விட ரெண்டு வயசு கூட இருக்கும், ஆனா கொடைக்கானல்ல எல்லாப் பொம்பளையும் அக்காதான். "ஒரு மாடல் போட்டோ வெப்போம்கா, ஹோம்லியா, சிரிச்ச முகமா, நெட்ல நெறையக் கெடக்கு"ன்னாரு. காட்டுனாரு. எல்லாப் பொண்ணுகளுக்கும் நகத்துல சாயம், ஒருத்தி கையிலயும் மண்ணு இல்ல. இதுல எவ எங்க காட்டுல பூண்டு புடுங்குனா? "என் படத்தையே போடுங்க"ன்னேன். மனுசன் என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு, சரி, நில்லுங்கன்னாரு. கையில ஒரு பூண்டுக் கட்டக் குடுத்து, வலது கைய முன்னால நீட்டச் சொல்லி, நேராப் பாக்கச் சொல்லி எடுத்தாரு. சும்மா அப்படி இப்படின்னும் நாலஞ்சு எடுத்துக்கிட்டாரு.

போர்டு வந்து நின்னுச்சு. வளைவுல திரும்புற வண்டிக்கு நேரா என் முகம், பக்கத்துல 'மலைப்பூண்டு'ன்னு பெரிய எழுத்து. போர்டுக்கு வலது பக்கம் கடை. இடது பக்கம் பள்ளத்த ஒட்டி ஒருத்தர் சோளம் சுட்டு, டீ போட்டு விக்கிறாரு. எங்க ஊரு ஜீப் டிரைவர் ஒருத்தர் முதல் நாளே வண்டிய நிப்பாட்டி எறங்கி வந்தாரு. "மதினி, தூரத்துல இருந்து பாத்து நான் அஞ்சலி போஸ்டர்னு நெனச்சுத் தொப்பியக் கழட்டிட்டேன்"னாரு. வாயில நல்லா வந்துச்சு எனக்கு.

வண்டி எல்லாம் மெதுவாப் போச்சுங்கறது உண்மை. மெதுவாப் போச்சே தவிர நிக்கல. நான் கடைக்குள்ள நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வளைவுல திரும்புவாங்க, கண்ணு போர்டுல ஒட்டிக்கிரும், போர்டுல இருக்கற நான் அவங்களப் பாப்பேன், அவங்க என்னைப் பாப்பாங்க, கழுத்து திரும்புற வரைக்கும் பாத்துட்டு அப்படியே போயிருவாங்க. இந்தப் பக்கம் நெசமான பூண்டு தொங்குது, நெசமான நான் கையக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். எங்க மேல ஒருத்தர் கண்ணும் படல. சில பேரு எறங்குனாங்க. எறங்கி, போர்டு முன்னாடி நின்னு செல்பி எடுத்துட்டு, திரும்பி சோளம் வாங்கப் போனாங்க. நான் வாடகை இல்லாத பொம்மையா நின்னு சோளக்காரருக்குக் கூட்டம் சேத்துக் குடுத்தேன். "அக்காவப் பாத்துக்கிட்டே வந்தனா, கடை தாண்டுனதே தெரியல"ன்னு ஒரு வேன் டிரைவர் பல்லக் காட்டுனப்ப எங்க வீட்டுக்காரரு ஸ்டூலத் திருப்பிப் போட்டு காட்டப் பாத்து உக்காந்துக்கிட்டாரு. அன்னைக்குப் போனு வந்தப்ப ரொம்ப நேரம் பேசுனாரு.

எனக்கு இருப்பு கொள்ளல. மறுநாளு மறுபடி கொடைக்கானல் போனேன். போர்டு கடைக்கு நேராப் போகல. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஏரி வரைக்கும், ஏரியில இருந்து மார்க்கெட் வரைக்கும், இருக்கற போர்டு எல்லாத்தையும் நின்னு நின்னு பாத்தேன். கையில பையோட ஒரு பொம்பளை சுவரு சுவராப் பாத்துக்கிட்டு நின்னா பாக்குறவங்க என்ன நெனப்பாங்கன்னு கவலைப்பட அப்ப நேரமில்ல. சேலைக்கடைப் பொண்ணு மேல வானத்தப் பாக்குது, அங்க என்ன இருக்குன்னு நானும் அண்ணாந்து பாத்தேன், கரண்டுக் கம்பிதான் இருந்துச்சு. பொறந்தநாள் போர்டுல இருக்கற கட்சிக்காரங்க எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நம்மளையே பாக்குறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்தேன், கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்கவே தோணல. அப்புறம் ஒரு பள்ளிக்கூட போர்டு. ஒரு புள்ள குனிஞ்சு புத்தகத்தப் பாக்குது. நானும் புத்தகத்தப் பாத்தேன். புத்தகத்துக்குப் பக்கத்துல என்னமோ எழுதியிருந்துச்சு, அதையும் படிச்சுட்டேன். எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற புள்ள கெடையாது, படிச்சு எனக்கு ஆகப் போறது ஒண்ணுமில்ல. இருந்தாலும் படிச்சேன். அந்தப் புள்ள படிக்க வெச்சிருச்சு.

அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. ரோட்டப் பாத்து நின்னா ரோட்டுல போறவன் என் கண்ணத்தான் பாப்பான். நான் கடையப் பாத்தா அவனும் கடையப் பாப்பான். வீட்டுல கூட அப்படித்தான, பேசிக்கிட்டிருக்கறப்ப ஒருத்தர் வாசலப் பாத்தா நாமளும் வாசலத்தான் பாக்குறோம்.

போர்டு கடைக்காரருகிட்ட சொன்னேன். "அட ஆமக்கா, நானே சொல்லணும்னு நெனச்சேன்"னாரு. நெனச்சிருக்க மாட்டாரு. அன்னைக்குச் சும்மா எடுத்த படத்துல ஒண்ணு நான் ஒரு பக்கமாப் பாக்குற மாதிரி இருந்துச்சு. ஆனா அது சோளக்காரரு பக்கம். அப்படியே போட்டா அவருக்கு ஊழியம் செஞ்சே என் சீசன் முடிஞ்சிரும். "அதுக்கென்னக்கா, ஒரு நிமிசம்"னு கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டுனாரு. படம் கண்ணாடியில தெரியற மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கமாத் திரும்பிக்கிச்சு. இப்ப நான் கடையப் பாத்தேன். வெரசா அடிச்சுக் குடுங்கன்னு வாங்கிட்டு மத்தியான பஸ்ஸுக்கு ஓடுனேன்.

வேலை செஞ்சுச்சு. பொய் சொல்லக் கூடாது, நல்லாவே செஞ்சுச்சு. வளைவுல திரும்புன தலை எல்லாம் போர்டப் பாத்துட்டு, அப்படியே வலது பக்கம் வந்து பூண்டுல நின்னுச்சு. கண்ணு நின்னா வண்டியும் நிக்கிது. பெங்களூர்க்காரங்க, கேரளாக்காரங்க, கோயமுத்தூர்க்காரங்கன்னு எறங்குனாங்க. மோந்து பாத்தாங்க, இது ஏன் இவ்வளவு சின்னதா இருக்குன்னு கேட்டாங்க, வாங்குனாங்க. எங்க வீட்டுக்காரரு ஸ்டூல மறுபடி ரோட்டப் பாத்துத் திருப்பிப் போட்டாரு. அந்த வாரத்துல ஒரு நாளு போனு அடிச்சப்ப, அப்புறம் பேசிக்கலாம்னு பைக்குள்ள போட்டுட்டாரு. எனக்கு நெஞ்சுல இருந்த கல்ல எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு.

ஆனா நாங்க வெளைய வெச்ச பூண்டு மட்டும் சீசனுக்குப் பத்தாது. அக்கம் பக்கத்துக் காட்டுக்காரங்க வீட்டுல கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வெச்சிருக்கற பூண்ட எங்கிட்டக் கொண்டாந்து குடுப்பாங்க, வித்துக் குடுப்பேன். அதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்க ஊர்ல எனக்குக் கைராசிக்காரின்னு பேரு. நடவு அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு முதல் கை வெதைப்பூண்டு எடுத்துக் குடுக்கச் சொல்லுவாங்க. நான் குடுத்தா நல்லா வெளையும்னு நம்பிக்கை. எனக்கு அதுல பெருமதான், மறைக்க என்ன இருக்கு. அந்தப் போர்டு நின்ன மறு வாரமே பூண்டு வர்றது நின்னுச்சு. ஒருத்தர் காயலன்னாங்க, ஒருத்தர் மகளுக்கு அனுப்பிட்டேன்னாங்க. பலகையில கட்டு கொறைய ஆரம்பிச்சிருச்சு. வண்டி நிக்கிற நேரத்துல விக்கச் சரக்கு இல்ல.

மேல்காட்டு அக்கா ஒருத்தங்கதான் வாயத் தொறந்தாங்க. எனக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு அவங்க. தண்ணிக் கொடத்தோட போனவங்கள மறிச்சு, என்னதான் சோலி உங்களுக்கெல்லாம், சொல்லித் தொலைங்கன்னு கேட்டேன். கொடத்த எறக்காமலே சொன்னாங்க. "நீ ரோட்டுல நின்னு இடது கையால பூண்டு நீட்டிக்கிட்டிருக்க. முந்தானை வலது தோள்ல கெடக்கு. மூக்குத்தி எடம் மாறி இருக்கு. உன் கைன்னு நம்பித்தான குடுத்தோம். வெளையறத எல்லாம் இடது கையில வாங்கி இடது கையில குடுக்குறான்னு ஊரே பேசுது. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஓடிப் போயி போர்டு முன்னாடி நின்னேன். தெனமும் பாக்குற போர்டு. நான் என் கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும்தான் பாத்திருந்தேன், கையப் பாக்கவே இல்ல. படத்தத் திருப்புனப்ப எல்லாமே சேந்து திரும்பிருச்சு. வர்ற வெளியூர்க்காரங்கள்ல ஒருத்தருக்கும் அது தெரியல, எங்க ஊர்ல ஒருத்தருக்கும் அது தெரியாமப் போகல. எனக்கு அப்படியே அவமானமாப் போச்சு. அங்கயே ஏறி நின்னு கம்பிய அவுத்து பிளக்ஸக் கழட்டிட்டேன். அதச் சுருட்டிக்கிட்டு நேரா கொடைக்கானல்.

"டூரிஸ்ட் இதெல்லாம் நோட் பண்ண மாட்டாங்கக்கா"ன்னாரு கடைக்காரரு.

"டூரிஸ்ட்டாய்யா பூண்டு வெளைய வைக்கிறான்?"

"டென்சன் ஆகாதீங்கக்கா."

"சீசன் முடியப் போகுது, நான் திருப்பூருக்கு மூட்டை கட்டப் போறேன், டென்சன் ஆகாம டீயா குடிக்கச் சொல்றீங்க?" கடையில வேற ஆளுக இருந்தாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு கத்துனேன். கத்தி முடிச்சதும் அழுகை வந்துச்சு, அதையும் அங்கயே அழுதுட்டேன். மனுசன் பயந்துட்டாரு. நாளைக்கு நானே வண்டியில வர்றேன்கா, உங்க எடத்துலயே வெச்சு எடுப்போம், காசு வேணாம்னாரு.

சொன்ன மாதிரியே வந்தாரு. காலையில இருந்த மேகம் விலகி வெயிலு வந்த நேரம். போர்டு நிக்கிற எடத்துல என்னை நிக்க வெச்சாரு. வலது கையில பூண்டு, முந்தானை இருக்க வேண்டிய தோள்ல. இப்ப எனக்கு இடது பக்கம் கடை. "பூண்டப் பாருங்கக்கா"ன்னாரு. பாத்தேன். படத்தப் பாத்துட்டு, "பூச்சி அடிச்சிருக்கான்னு பாக்குற மாதிரி இருக்கே"ன்னாரு. அதத்தான பாத்தேன், வேற என்னத்தப் பாக்க. கடையப் பாருங்கன்னாரு. கடையப் பாத்தா கட்டு கொறைஞ்ச பலகை, என் முகம் தொங்கிப் போச்சு. அப்புறம் எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க கடை முன்னாடி நில்லுங்க, அக்கா உங்களப் பாக்கட்டும்"னாரு. அவரு வந்து, பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்கிற மாதிரி கைய வெறச்சுக்கிட்டு நின்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவருக்கும் வந்துருச்சு. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற படத்த வெச்சு என்ன பூண்டு விக்க.

அந்த நேரம் பாத்து போனு கிர்ருன்னுச்சு. அவரு எடுத்துப் பாத்தாரு. சிரிப்பு நின்னுச்சு. "மச்சான்தான், இந்தா வந்துர்றேன்"னு சொல்லிட்டு முதுகக் காட்டிக்கிட்டு பைன் மரத்துப் பக்கம் நடந்தாரு. நான் படம் புடிக்கிறதயே மறந்துட்டேன். கை நீட்டுனபடி அப்படியே நின்னு அவரு போறதப் பாத்துக்கிட்டிருந்தேன். தலைய ஆட்டுறாரா, இல்லையா. 'கிளிக்'னு சத்தம் கேட்டப்பதான் ஆளு இருக்கற நெனப்பே வந்துச்சு.

அந்தப் படம் வேணாம்னு சொன்னேன். காமிராவுல பாத்ததுமே சொன்னேன். அதுல சிரிப்பு இல்ல. பயம் இருந்துச்சு. போயிராதீங்கன்னு வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடல, அதனால கண்ணால சொல்லிக்கிட்டு நிக்கிறேன். அது அப்படியே படத்துல கெடக்கு. வீட்டுக்குள்ள இருக்க வேண்டியத ரோட்டுல கட்டித் தொங்கவிடவான்னு சண்டை போட்டேன். "நீங்களே இன்னொரு தடவை பாருங்கக்கா"ன்னு காமிராவ நீட்டுனாரு. பாத்தேன். பாத்துட்டு, என்னையறியாம என் தலை பைன் மரத்துப் பக்கம் திரும்பிருச்சு. சரி, அடிங்கன்னுட்டேன்.

போர்டு நின்ன அன்னைக்கு மேல்காட்டு அக்கா வந்தாங்க. கையப் பாத்தாங்க, தோளப் பாத்தாங்க, மூக்குத்தியப் பாத்தாங்க. "இப்பச் சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு மறுநாளு காலையிலயே மூட்டையோட வந்தாங்க. அவங்க பின்னாடி மத்தவங்களும் வந்தாங்க. போறப்ப அந்த அக்கா போர்டத் திரும்பிப் பாத்து, "உன் வீட்டுக்காரரு இதப் பாத்தாராடி?"ன்னு கேட்டாங்க. அவரு எங்க பாக்குறாருக்கான்னேன்.

வண்டிக நின்னுச்சு. போன தடவைய விடவும் நின்னுச்சு. எறங்குனவங்க எல்லாம் முதல்ல கடையப் பாத்தாங்க, அப்புறம் கடையத் தாண்டி பைன் மரத்தப் பாத்தாங்க, அப்புறம் பூண்டப் பாத்தாங்க. "அங்க யாருங்க போறாங்க?"ன்னு கேட்டுச்சு ஒரு கோயமுத்தூர் அம்மா. யாரும் போகலங்க, எத்தன கட்டு வேணும்னு கேட்டேன்.

அவரு பாக்க ஒரு வாரம் ஆச்சு. கடைக்குள்ள ஸ்டூல்ல உக்காந்தா அந்த முகம் அவருக்குச் சாய்வாத்தான் தெரியும். ஒரு நாளு வெள்ளனே, வண்டி வராத நேரம், சரக்கு மூட்டையத் தூக்கிட்டு வந்தவரு நடு ரோட்டுல நின்னுட்டாரு. போர்டப் பாத்தாரு. போர்டு பாக்குற பக்கம் திரும்பி பைன் மரத்தப் பாத்தாரு. மறுபடி போர்டப் பாத்தாரு.

"இது எப்ப எடுத்தது?"

"நீங்க போனு பேசப் போனப்ப."

பூண்டு மூட்டைய இன்னும் எறக்கி வைக்கல, தோள்லயே இருந்துச்சு. "நான் போறப்ப எல்லாம் இப்படியா பாப்ப?"ன்னு கேட்டாரு.

"திரும்பிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்"னேன். கோவமாத்தான் சொன்னேன். இத்தன வருசமாச் சொல்லாத கோவம் அது.

சீசன் முடியற நாளும் வந்துச்சு. கடை நின்னுச்சான்னு கேட்டா, விழலன்னு சொல்லலாம், அவ்வளவுதான். லட்சம் லட்சமா ஒண்ணும் வந்து கொட்டல. மழை ஆரம்பிச்சா வண்டி கொறையும். அவரு சொன்ன கெடு அதுதான். நான் கேக்கல, அவரும் சொல்லல. எனக்கு மட்டும் ஒரு வேலையும் ஓடல. கட்டுன கட்டயே அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு மத்தியானம் ஒரு வேன் நின்னு, கடை முன்னாடி கூட்டமா ஆளுக. போனு கிர்ருன்னுச்சு. அவரு எடுத்துக்கிட்டு எப்பவும் போல எந்திரிச்சு, எப்பவும் போல முதுகக் காட்டி நாலு எட்டு வெச்சாரு. அப்புறம் நின்னாரு. திரும்பிப் போர்டப் பாத்தாரு. வந்து ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு அங்க இருந்தே பேச ஆரம்பிச்சாரு.

சிக்னல் சரியா இல்லாத எடம். மெதுவாப் பேசுனா அந்தப் பக்கம் ஒண்ணும் போய்ச் சேராது. வீட்டுக்குள்ளயே சத்தமாப் பேசத் தெரியாத மனுசன், வாங்க வந்த வெளியூர்க்காரங்க எல்லாரும் திரும்பிப் பாக்க, போன வாய்கிட்ட வெச்சுக்கிட்டுக் கத்துனாரு. "மச்சான், கேக்குதா? வரல. நான் வரல. இல்ல மச்சான், வரலங்குறேன். இங்கயே இருக்கோம்."

நான் ஒரு கட்டக் கட்டிக்கிட்டிருந்தேன். தலைய நிமித்தி அவரப் பாக்கல. அதான் போர்டு பாத்துக்கிட்டிருக்கே.